அண்ணிக்குப் படகு ஓட்ட வருமா?

பண்டசோழநல்லூரில் கடல் கிடையாது. நெட்டப்பாக்கம் கொம்யூனில், நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவில் இருக்கிற ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே பஸ் மாறிப் போக வேண்டும். ஊரில் யாரிடமும் படகு இல்லை. மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் போய் முழங்கால் தண்ணீரில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வீடு திரும்புவதோடு எங்கள் கடல் அனுபவம் முடிந்தது. ஆகவே படகைப் பற்றி எங்களுக்கு மிக உறுதியான கருத்துகள் உண்டு.

முதல் கருத்து, பொம்பளைக்குப் படகு ஓட்ட வராது. இரண்டாவது கருத்துக்கு இதுவரை தேவை ஏற்படவில்லை.

2025 மே 29 அன்று இந்தக் கருத்துக்கு ஒரு சோதனை வந்தது. கோவாவின் மர்மகோவா துறைமுகத்துக்குள் 'தாரிணி' என்ற கடற்படைப் பாய்மரப் படகு வந்து நின்றது. ஐம்பத்தாறு அடி நீளம். உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோழிக்கோட்டுக்காரர், லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இன்னொருவர் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, நம்ம புதுச்சேரிப் பெண். 2024 அக்டோபர் 2 அன்று கிளம்பி, நான்கே இடங்களில் கரை ஒதுங்கி, எட்டு மாதத்தில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். 25,400 கடல் மைல், அதாவது சுமார் 47,000 கிலோமீட்டர். வழியில் பசிபிக் நடுவே பாயின்ட் நீமோ என்று ஓர் இடம். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் அருகில் இருக்கும் கரை 2,600 கிலோமீட்டருக்கு அப்பால். கூப்பிட்டால் வர ஆள் கிடையாது. அதையும் தாண்டி, ஆண் மாலுமிகளே பெயரைக் கேட்டு எச்சில் விழுங்கும் கேப் ஹார்ன் முனையையும் சுற்றிவிட்டு வந்தார்கள்.

டீக்கடை பெஞ்சில் பேப்பர் விரிந்தது. பெஞ்சு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பென்ஷன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "காத்து தள்ளிக்கிட்டுப் போயிருக்கும்."

உண்மைதான். பாய்மரப் படகைக் காற்றுதான் தள்ளும். 47,000 கிலோமீட்டருக்கு அது சரியான பக்கமாகவே தள்ளி, சரியான முனையில் திருப்பி, கிளம்பிய கோவாவிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது என்றால் அந்தக் காற்றுக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும். பெஞ்சின் இன்னொரு மூலையிலிருந்து, "இப்பல்லாம் கம்ப்யூட்டரே ஓட்டிடுதாமே" என்றது ஒரு குரல். பெண் ஓட்டினால் கம்ப்யூட்டர். ஆண் ஓட்டினால் அனுபவம். இதே மூலை போன அறுவடைக்கு ஜி.பி.எஸ். பொருத்திய கதிரறுக்கும் மிஷினில் உட்கார்ந்து வந்த பையனைப் பார்த்து, "என்னா லாவகமா ஓட்டறான் பாரு" என்று வியந்தது.

கடைசியில் ஒரு சமரசம் எட்டப்பட்டது. "அவங்க நேவி. பல வருஷம் ட்ரெயினிங் கொடுத்திருக்காங்க. அது வேற. சும்மா படகுக்காரன் பொண்டாட்டியைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லு பார்க்கலாம், வருமா?"

இந்தச் சமரசத்தை நான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தால் வரும் என்பதை அவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பிறகு யார் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதானே கேள்வி? ஆனால் பெஞ்சு அதற்குள் இரண்டாவது டீக்கு நகர்ந்துவிட்டது.

படகுக்காரன் பொண்டாட்டியைக் கேட்க வேண்டுமென்றால் நாங்கள் ஒன்றும் வீராம்பட்டினம் வரை போக வேண்டியதில்லை. அவரே எங்கள் ஊருக்கு வருகிறார், தலையில் அன்னக்கூடையோடு. அன்றும் வந்தார். பென்ஷன்காரர் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, உனக்குப் போட்டு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க பெரியவரே. எங்க வூட்டுக்காரருக்கு மீன் விக்கத் தெரியாது. அதை யாரும் அவர்கிட்ட கேக்கறதில்ல."

சொல்லிவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பெஞ்சு இதைத் திமிர் என்று பதிவு செய்துகொண்டது.

ஒரு பைபர் படகு கரைக்கு வருகிற கதையைச் சொல்கிறேன். கையில் இருக்கும் காசு எஞ்சினுக்கே போதாது. வீட்டில் இருக்கும் நகை முதலில் அடகுக்குப் போகும். அது இருப்பது மனைவி கழுத்தில்தான். பிறகு மகளிர் குழுக் கடன். அதில் கையெழுத்து அவருடையது, ஏனென்றால் குழுவின் பெயரிலேயே மகளிர் இருக்கிறது. அதற்கும் மேல் தேவைப்படும் தொகைக்கு வட்டிக்காரரிடம் போய் நிற்பவரும் அவர்தான். வட்டிக்காரர் திட்டினால் கணவருக்கு மானம் போய்விடும். மனைவிக்கு அப்படிப் போக ஒன்றும் இல்லை என்பது ஊர் ஏற்பாடு. படகு வாங்கியாகிறது. பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதும் இடம் வருகிறது. அங்கே மட்டும் திடீரென்று எல்லோருக்கும் நினைவு வந்துவிடுகிறது, படகு ஆம்பிளைச் சமாச்சாரம் என்று.

பிறகு மானியம் யார் பெயருக்கு? படகு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்கு. புயலில் படகு உடைந்தால் இழப்பீடு? அதே பெயருக்கு. ஊர்ப் பஞ்சாயத்தில் படகுக்காரர் என்று எழுந்து நின்று பேசுகிற உரிமை? அதுவும் அந்தப் பெயருக்குத்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் மூன்று அடகுச் சீட்டு இருக்கிறது. அதில் இருப்பது வேறு பெயர்.

'ஓட்ட வருமா' என்ற கேள்விக்குள் ஒளிந்திருப்பது இந்தப் பெயர் சமாச்சாரம்தான் என்பது என் சந்தேகம். சுக்கானைப் பிடிக்கத் தெரிந்தவள் நாளைக்குப் பதிவுப் புத்தகத்தையும் பிடிப்பாள். அதைவிட அவளுக்குக் கை நடுங்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். செலவும் இல்லை.

இதைவிடக் கசப்பான பகுதி ஒன்று உண்டு. கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி அவருக்கு நெருங்கியவர்களுக்கே தகவல் இல்லாமல் போனால்தான் இறந்துவிட்டார் என்று கொள்ளலாம் என்றது. இப்போது சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, ஏழு மாறவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் கரை முழுக்க அழுத பிறகுதான் அந்தக் குடும்பங்களுக்காக அரசுகள் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தின. சாதாரண நாளில், சாதாரண அலையில் போனவருக்கு? அந்த ஏழு வருஷமும் அவளுக்குக் கடனை ஓட்ட வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை ஓட்ட வரும். வட்டிக்காரரை வாசலோடு அனுப்பத் தெரியும். கொல்லையில் கவிழ்த்து வைத்த படகை மட்டும் ஓட்ட வராது. அதை மச்சினன் ஓட்டுவான், பங்கு கொடுப்பான், கொடுக்கிறபோது.

சரி, வந்த கதையும் இருக்கிறதே. கேரளத்தில் திருச்சூர் பக்கம் சேற்றுவாயில் கே.சி.ரேகா என்று ஒருவர். கணவர் கார்த்திகேயன் மீனவர். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, ஆள் வைக்கக் காசும் இல்லை. நான்கு மகள்கள். கணவரோடு ரேகாவே படகில் ஏறினார். பெண் ஏறினால் கடலம்மா கோபிப்பாள் என்று சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்பதால் அவர் தொடர்ந்து போனார். ஆழ்கடலில் மீன்பிடிக்க உரிமம் பெற்ற இந்தியாவின் முதல் பெண் என்று 2017-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைக் கூப்பிட்டுக் கௌரவித்தது. கடலம்மா கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இந்தக் கடலம்மா விஷயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடல் பெண். படகுக்குப் பெயர் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, அங்காளம்மன். வீராம்பட்டினத்தில் கரையைக் காக்கும் தெய்வம் செங்கழுநீர் அம்மன். ஆடித் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடித்த காலத்திலிருந்து இன்றுவரை துணைநிலை ஆளுநரின் ராஜ்நிவாஸிலிருந்து ஆள் வந்து வடம் பிடித்துத்தான் தேர் நகர்கிறது. தண்ணீரும் பெண், படகும் பெண், காவலும் பெண். இத்தனை பெண்களுக்கு நடுவே கால் வைத்தால் தீட்டு என்பதும் ஒரு பெண்ணுக்குத்தான். ஒரு வேளை இவர்களுக்குள் ஏதாவது பேசிவைத்திருக்கிறார்களோ என்று பயமாக இருக்கலாம்.

2015 ஜூனில் வங்கக் கடலில், ஒடிசாவுக்கு அப்பால், ஒரு மீன்பிடி படகு எஞ்சின் நின்று, நங்கூரமும் போய், ஏழு பேரோடு மிதந்துகொண்டிருந்தது. படகின் பெயர் துர்கம்மா. ஏழு பேரும் ஆண்கள். உணவு போய்விட்டது, குடிதண்ணீர் போய்விட்டது. பெரும் அலை, சூறைக்காற்று. அந்த வழியாக வந்த 'சம்பூர்ண சுவராஜ்யா' என்ற கப்பல் அவர்களைப் பார்த்து, ஒரு தடவை முயன்று தோற்று, இரண்டாவது தடவையும் தோற்று, மூன்றாவதில் ஏழு பேரையும் மேலே ஏற்றியது. கப்பலின் கேப்டன் ராதிகா மேனன். 2016-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அவருக்குக் கடல் வீரத்துக்கான விருது கொடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். கயிற்றைப் பிடித்து ஏறிய ஏழு பேரில் ஒருவராவது, "கேப்டன் ஆம்பிளையா பொம்பளையா, அதைச் சொல்லு, அப்பறம் ஏறறோம்" என்று கேட்டதாகப் பதிவு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக் காலுக்கடியில் கெட்டித் தரை வேண்டும். டீக்கடை பெஞ்சு மாதிரி.

பாம்பன் பக்கம் போனால், சின்னப்பாலத்துப் பெண்கள் பல தலைமுறையாகப் படகேறித் தீவுகளுக்குப் போய், மூச்சைப் பிடித்து முங்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அவர்களை ஊர் இன்னமும் 'பாசி பொறுக்கப் போறவங்க' என்றுதான் சொல்கிறது. கடலுக்கடியில் போனாலும் மீனவர் ஆக முடியாது. அதற்கு இன்னும் எவ்வளவு கீழே போக வேண்டுமோ.

நியாயமாகப் பேச வேண்டும். இந்தக் கேள்வியை அக்கறையோடு கேட்பவரும் உண்டு. "நான் தவறித் தண்ணியில விழுந்துட்டா, நீ என்ன பண்ணுவே?" என்று ஒரு படகுக்காரர் தன் மனைவியிடம் கேட்டால், அவர் புத்திசாலி. விழப்போகிறவர் அவர்தான். தூக்க வேண்டியவர் மனைவிதான். இதற்குத் தேவையான வித்தை ஒரு பருவம் பிடிக்காது. சில காலை வேளைகள் போதும். விழுந்த ஆளிடமிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மிதக்கிறது எது கைக்குக் கிடைத்தாலும், காலி கேனானாலும் சரி, அவரைப் பார்த்து எறிய வேண்டும். படகின் தலையை அவர் விழுந்த பக்கமாகவே திருப்ப வேண்டும். அப்போதுதான் பின்பக்கம் விலகி, எஞ்சின் விசிறி அவர் காலுக்கு வராது. நெருங்கியதும் எஞ்சினை அணைக்க வேண்டும். வயர்லெஸ் இருந்தால் 16-ஆம் சேனல். போன் எடுத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. இவ்வளவுதான். பத்து மணி வெயிலில் ஏலத்தில் நாலு வியாபாரிகளின் விரல் சைகையை ஒரே நேரத்தில் படித்து விலை ஏற்றுகிறவருக்கு இது ஒரு படிப்பா?

ஆனால் சொல்லித் தர மாட்டோம். சொல்லித் தராமல் வைத்துக்கொண்டு, வருமா என்று கேட்போம். இந்தக் கேள்வியின் ருசி எங்கள் பகுதிக்குப் புதிதும் அல்ல. 1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. பிரெஞ்சு ஆட்சியின் பிடியை உதறிய இடம் என்று இன்றும் மார் தட்டுகிறோம். அதே வருஷம் அக்டோபர் 18 அன்று, இதோ பக்கத்தில் வில்லியனூர் கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள். அன்றைக்குப் பிரெஞ்சு துரைமாரின் டீ மேஜையில், இவர்களுக்கு ஆளத் தெரியுமா என்று யாராவது கேட்காமலா இருந்திருப்பார்கள்? அந்தக் கேள்வியை நம் தாத்தாக்கள் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். பேரன்கள் அதையே எடுத்துத் துடைத்து, வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம்.

மாநிலக் கப்பல் நிலவரமும் இதுதான். சந்திராவதி, ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை என்று ராஜ்நிவாஸில் பெண்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். டெல்லி அனுப்பி வைத்தால் பெண்ணுக்கு யூனியன் பிரதேசத்தையே ஓட்ட வரும். மக்கள் அனுப்பினால்தான் சிக்கல். 2021 தேர்தலில் 30 தொகுதிக்கு ஒரே ஒரு பெண் ஜெயித்தார், நெடுங்காடு சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டு கழித்துப் புதுச்சேரிக்குக் கிடைத்த பெண் அமைச்சர். 2023 அக்டோபரில், சாதியும் பாலினமும் வைத்து நடத்தப்படுவதாகக் கடிதம் எழுதிவிட்டுப் பதவியிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு இலாகாவை ஓட்டத் தெரியவில்லை என்று மறுபக்கம் சொன்னது. முப்பது பேரில் ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரியாமல் போனதும், அந்த ஒருவர் யார் என்பதும் தற்செயல்தான் போலிருக்கிறது.

கிராமத்துக்கு வருவோம். 1968-க்குப் பிறகு, நீதிமன்றம் வரை இழுத்து, 2006-ல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. கொம்யூன் பஞ்சாயத்திலும் கிராமப் பஞ்சாயத்திலும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். உடனே கேள்வி எழுந்தது. அண்ணிக்கு ஓட்ட வருமா? வராது என்று தீர்ப்பாகி, பல இடங்களில் அண்ணனே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மினிட் புத்தகத்தைத் திருப்பினார். அண்ணி கையெழுத்து மட்டும் போட்டார். சில அண்ணிகள் இரண்டாவது வருஷத்தில் புத்தகத்தைத் தாங்களே திருப்ப ஆரம்பித்தார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு வந்த பணம் எங்கே என்று கேட்டார்கள். மூன்றாவது வருஷத்தில் கமிஷனர் அறைக்கு அண்ணன் இல்லாமலே போனார்கள். 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அதோடு தேர்தலும் முடிந்தது. அடுத்தது வரவேயில்லை. வார்டு பிரிப்பதில் சிக்கல், இட ஒதுக்கீட்டில் சிக்கல், வழக்கு, தடை, மறுபடி வார்டு. பெண்ணுக்கு ஓட்ட வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வரும் என்று தெரிகிற நேரத்தில் படகையே காணோம்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. படகுக்காரர் மனைவிக்குப் பரீட்சை வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதே நாளில் பக்கத்து ஹாலில் கணவருக்கும் ஒன்று வைத்துவிடுவோம். விடிகாலை மூன்று மணிக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஆஜர். கையில் காசு இல்லாமல் ஏலத்தில் மீன் எடுக்க வேண்டும். ஐஸ் கட்டி அடுக்கிய கூடையைத் தலையில் ஏற்றி, மீன் நாற்றம் அடிக்கிறது என்று முகத்தைத் திருப்பும் கண்டக்டரைத் தாண்டிப் பஸ்ஸில் ஏற வேண்டும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாறுகிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டு, முதலமைச்சர் கண்டித்து, பணியாளர்கள் இடைநீக்கமான கதையை முன்மாதிரி வினாத்தாளாக வைத்துக்கொள்ளலாம். பண்டசோழநல்லூர் பெஞ்சின் எதிரில் கூடையை இறக்கி, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக்கொண்டே "உனக்குப் போட்டு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்பவரிடம் சிரித்தபடி பேச வேண்டும். சிரிக்காவிட்டால் மார்க் குறையும். மதியத்துக்குள் கூடை காலியாக வேண்டும். சாயங்காலம் தண்டல்காரருக்கு எண்ணி வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உலை வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அறுபத்தொரு நாள், படகுக்கு லீவு. வயிற்றுக்கு லீவு கிடையாது என்பதால் அந்த இரண்டு மாதத்துக்கு எங்கிருந்தோ கருவாடு தேடிக் கொண்டுவந்து விற்றுக் காட்ட வேண்டும். இது செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வில் ஒரே கேள்வி: உங்கள் படகு யார் நகையில் வாங்கியது?

இடமும் பார்த்தாகிவிட்டது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திடல். பந்தல் சொல்லியாகிவிட்டது. பென்ஷன்காரரே தேர்வு அதிகாரியாக இருக்கச் சம்மதித்தார், தனக்குப் பரீட்சை இல்லை என்று எழுதிக் கொடுத்தால். தலைமை தாங்கக் கிராமப் பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிடுவதுதான் மரியாதை. ஆனால் 2011-லிருந்து அந்தப் பதவியில் ஆள் இல்லை, அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. கொம்யூன் கமிஷனருக்குத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.